பத்து வயது நடுவருக்கு ஒரு ஷில்லிங்

சிறார் நூல்களுக்குப் பரிசு தரும் குழுக்களிலும், நூலகங்களுக்குப் பிள்ளைகளின் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுக்களிலும் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம்.

அஞ்சல் அலுவலகத்தில் 32 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எழுத்தாளன் இல்லை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். அவ்வளவுதான் என் தகுதி. அந்தத் தகுதியை நம்பி இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தேர்வுக் குழுவில் என்னையும் ஒருநாள் உட்கார வைத்தார்கள். எந்தக் குழு, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். மேசையில் முப்பது சொச்சம் புத்தகங்கள். அதில் ஒன்று தடிமனான மாயாஜால சாகச நாவல். மலைக்கு அடியில் இறங்கும் பிள்ளைகள், பேசும் பறவை, தொலைந்துபோன ஒரு வாள். அதைக் கையில் எடுத்த பெரியவர் நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டினார், பின்னட்டையைப் பார்த்தார், "இதுல பிள்ளைகளுக்கு என்ன சேதி இருக்கு?" என்றார். இன்னொருவர், "ரொம்ப நீளம். இந்தக் காலத்துப் பசங்க படிக்க மாட்டாங்க" என்றார். மூன்றாமவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் டீ வந்துவிட்டது. புத்தகம் இடது பக்கக் குவியலுக்குப் போனது. ஆறு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நானும் ஒன்றும் பேசவில்லை. புதிதாகப் போன இடம், கூச்சம். அந்தக் கூச்சத்துக்குப் பரிகாரமாகத்தான் இந்த மடல்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அறையில் இருந்த ஏழு பேரின் வயதையும் கூட்டினால் 400ஐத் தாண்டும். பத்து வயதுக்காரர்களுக்கான புத்தகத்தைப் பற்றி ஒரு பத்து வயதுக்காரரிடம் கேட்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். கல்யாணச் சாப்பாடு எப்படி என்று பந்தியில் உட்கார்ந்தவரை விட்டுவிட்டு மண்டபத்து மேனேஜரிடம் கேட்கிற கதை.

ஆனால் ஒருவர் கேட்டிருக்கிறார், 1936இல். லண்டனில் ஜார்ஜ் ஆலன் அண்டு அன்வின் என்ற பதிப்பகத்தின் தலைவர் ஸ்டான்லி அன்வின். அவரிடம் ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் ஒருவரின் தட்டச்சுப் பிரதி வந்து சேர்ந்தது. பழைய ஆங்கில மொழி சொல்லிக்கொடுக்கும் ஜே.ஆர்.ஆர். டோல்கீன், தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை அது. பெயர் 'ஹாபிட்'. வளைக்குள் வசதியாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு வாழும் ஹாபிட் என்னும் சின்ன ஆட்களில் ஒருவனான பில்போ, 13 குள்ளர்களோடு சேர்ந்து, டிராகன் காவல் காக்கும் தங்கத்தை மீட்கப் போகிறான். ஒரு மந்திரவாதிதான் அவனைக் கிளப்பிவிடுகிறார். இதை அச்சிடலாமா என்று அன்வின் அறிஞர் குழு ஒன்றையும் கூட்டவில்லை. பிள்ளைகள் புத்தகத்துக்குப் பிள்ளைகளே நல்ல நடுவர்கள் என்பது அவர் நம்பிக்கை. 10 வயது மகன் ரேனரிடம் பிரதியைக் கொடுத்தார். படித்துவிட்டு எழுத்தில் அறிக்கை தர வேண்டும். கூலி ஒரு ஷில்லிங்.

1936 அக்டோபர் 30 என்று தேதி போட்ட அந்த அறிக்கையை இன்றும் படிக்கலாம். மொத்தமே ஒரு பத்திதான். எழுத்துப் பிழைகள் தாராளம். கதை முழுவதையும் சில வரிகளில் ஓட்டிவிட்டு, பில்போ பணக்காரனாக வீடு திரும்பினான் என்ற இடத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறான். அப்புறம் தீர்ப்பு: வரைபடங்கள் இருப்பதால் வேறு படம் தேவையில்லை, நல்ல புத்தகம், 5 முதல் 9 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

10 வயதுக்காரன் '9 வயது வரை' என்கிறான் பாருங்கள். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் மாடியிலும் ஏழாம் வகுப்புக்காரன் ஒருவன் உண்டு. "ஆறாங்கிளாஸ் பசங்களுக்கு இது நல்லாருக்கும் சார்" என்பான், கடைசி வரை இடத்தை விட்டு அசையாமல் கேட்டுவிட்டு.

புத்தகம் 1937 செப்டம்பர் 21 அன்று வெளியானது. முதல் அச்சு 1,500 பிரதி, விலை ஏழரை ஷில்லிங். (ஏழரை என்றதும் நமக்குச் சனி ஞாபகம் வரும், அவர்களுக்கு அது நல்ல எண்ணாகத்தான் அமைந்தது.) கிறிஸ்துமஸுக்கு முன்பே எல்லாம் விற்றுத் தீர்ந்தது. படம் வேண்டாம் என்ற நடுவரின் யோசனையை மட்டும் பதிப்பகம் கேட்கவில்லை. வரைபடங்களோடு டோல்கீன் தானே வரைந்த படங்களையும் சேர்த்தார்கள். கேட்காததும் நல்லதுக்குத்தான். பையன் சொன்னதெல்லாம் வேதம் என்று நான் வாதாட வரவில்லை. ஒரு விஷயத்தில் அவன் சரி, ஒரு விஷயத்தில் தப்பு. உங்கள் கூட்டங்களின் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

பெரியவர்கள் அந்தப் புத்தகத்தை எப்படி நடத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பெரிய பாராட்டு 'டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட்' இதழில், விமர்சகர் பெயரில்லாமல் வந்தது. எழுதியவர் சி.எஸ். லூயிஸ், டோல்கீனின் நெருங்கிய நண்பர், கையெழுத்துப் பிரதியிலேயே கதையைப் படித்தவர். சில நாள் கழித்து 'டைம்ஸ்' நாளிதழிலும் அவரே எழுதினார். நம் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது ஒரு செவ்வியல் நூலாக நிற்கலாம் என்று அவர் கணித்தது பலித்தது. நண்பர் என்பதற்காக அபிப்பிராயம் பொய்யாகிவிடாது. பிரிட்டிஷ் நூலகர்கள் தரும் கார்னகி பதக்கம் அந்த ஆண்டு 'ஹாபிட்'டுக்குக் கிடைக்கவில்லை. குப்பை அள்ளும் தொழிலாளி ஒருவரின் ஏழு பிள்ளைகளைப் பற்றி ஈவ் கார்னெட் எழுதிய நாவலுக்குப் போனது. அந்தத் தேர்வை நான் குறை சொல்ல மாட்டேன். உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகளைக் கதையில் உட்கார வைத்த நூல் அது. நான் அந்தக் குழுவில் இருந்திருந்தாலும் தடுமாறியிருப்பேன்.

இனி எங்கள் மாடிக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதுதான்.

போன வருடம் பள்ளி திறந்ததும் 'ஹாபிட்'டை எடுத்தேன். ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்வழியாகத் தமிழில் சொல்வது என் வழக்கம். 19 அத்தியாயம், வாரம் ஒன்று. நடுவில் காலாண்டுப் பரீட்சை, இரண்டு மழை விடுமுறை எல்லாம் போக, தீபாவளிக்கு அப்புறம்தான் முடிந்தது. தொடங்கும்போது 17 பேர், முடியும்போது 26 பேர். நீளமான கதையைப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று சொன்னவரை அன்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அத்தியாயத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அழைக்காத விருந்தாளிகள் ஒவ்வொரு குழுவாக வந்து பில்போவின் சமையலறையைக் காலி செய்கிறார்கள், அவ்வளவே. சாகசம் எங்கே என்று பசங்கள் கேட்பார்கள் என்று பயந்திருந்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். தீபாவளிக்கு மறுநாள் சொல்லாமல் வந்து இறங்கும் சொந்தக்காரர்களைப் பார்க்காத பிள்ளை யார்? மறுநாள் காலை பில்போ கைக்குட்டைகூட எடுக்காமல் வீட்டை விட்டு ஓடுகிறான். அந்தக் கைக்குட்டையைப் பத்து வாரம் கழித்தும் ஒரு சின்னப் பெண் ஞாபகமாக விசாரித்தாள், அவன் சளி பிடித்துக் கிடக்கும்போது: "இப்ப கர்ச்சீப்புக்கு என்ன பண்ணுவான் தாத்தா?"

ஐந்தாவது அத்தியாயம் விடுகதைப் போட்டி. மலைக்கு அடியில், இருட்டு ஏரிக்கரையில், பில்போவும் கோலம் என்கிற ஒரு ஜந்துவும். (கொல்லம் என்றுதான் முதலில் சொன்னேன். "கேரளாவா சார்?" என்றார்கள். கோலம் என்று மாற்றினால் மார்கழி மாதம் நினைவுக்கு வருகிறது. என்ன செய்வது, ஏதோ ஒன்று.) தோற்றால் பில்போ அதற்கு இரை. காற்று, பல், முட்டை, காலம் என்று ஒவ்வொரு விடுகதைக்கும் நான் விடையைச் சொல்லுமுன் பசங்கள் கத்திவிட்டார்கள். பிறகு தங்கள் சரக்கை இறக்கினார்கள். மரத்துக்கு மரம் தாவும் குரங்கல்ல, பட்டை போட்டிருக்கும் சாமியல்ல. ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய மண்டபம், ஒருவன் கண்பட்டு உடைந்தது. அன்று கதை அரை அத்தியாயத்தோடு நின்றது.

அடுத்த வாரம் வழக்கு. விடுகதை தீர்ந்துபோன பில்போ, சட்டைப் பையில் கைவிட்டபடி, "என் பையில என்ன இருக்கு?" என்று தனக்குத் தானே முணுமுணுக்கிறான். கோலம் அதையே கேள்வியாக எடுத்துக்கொண்டு தோற்றுப்போகிறது. (பையில் இருந்தது கோலம் தொலைத்த மோதிரம், வழியில் பில்போ கண்டெடுத்தது.) இது விடுகதையா? நம் பிள்ளைகளில் பாதிப் பேர், "அழுகுணி ஆட்டம்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். "விடுகதைன்னா விடை அதுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கணும். இது சும்மா கேள்வி." சொன்னது பலசரக்குக் கடைக்காரர் மகள், ஆறாம் வகுப்பு. விடுகதைக்கு இதைவிட நல்ல இலக்கணம் நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. எதிர்க்கட்சியில் ஒருவன், "மூணு தடவை சான்ஸ் கேட்டு வாங்கிட்டுச்சுல்ல, அப்ப ஒத்துக்கிட்ட மாதிரிதான்" என்றான். கதை சொல்பவரே அந்த இடத்தில், பழைய விதிப்படி இது உண்மையான விடுகதை இல்லை என்று ஒத்துக்கொள்கிறார். கோலம் ஊகிக்க முயன்றதால் ஒத்துக்கொண்டதாகிவிட்டது என்கிற மாதிரி ஒரு வாதம் டோல்கீனின் அடுத்த நாவலின் முன்னுரையில் இருக்கிறது. பையன் அதைப் படிக்காமலே சொல்லிவிட்டான்.

அப்போது இன்னொரு சங்கதியையும் அவர்களுக்குச் சொன்னேன். 1937 பதிப்பில் இந்த அத்தியாயம் வேறு மாதிரி. அதில் கோலம் மோதிரத்தைப் பந்தயப் பரிசாகத் தரச் சம்மதிக்கிறது. தோற்ற பிறகு மரியாதையாக வழியும் காட்டுகிறது. அடுத்த பெரிய நாவலை எழுதும்போது அந்த மோதிரம் கொடிய பொருளாகிவிட்டதால் பழைய காட்சி ஒட்டவில்லை. டோல்கீன் மாற்றி எழுதிப் பதிப்பகத்துக்கு மாதிரிக்காக அனுப்பினார். அவர்கள் 1951 பதிப்பில் அதையே சேர்த்துவிட்டார்கள். அப்படியானால் பழைய பதிப்பு? அது பில்போ தன் கூட்டாளிகளிடம் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே வைத்துவிட்டார். இதைக் கேட்ட ஒருவன் பாயில் படுத்து உருண்டான். "நானும் வீட்ல மொதல்ல ஒண்ணு சொல்லுவேன் சார், மாட்டிக்கிட்டா அப்புறம் மாத்திச் சொல்லுவேன்." பாட பேதம், பதிப்பு வரலாறு என்றெல்லாம் நாம் பெரிய வார்த்தை போட்டுச் சொல்வதை அவன் தன் வீட்டுக் கூடத்திலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறான்.

அவர்கள் கதையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டிராகன் சாகும் இடத்தில் எனக்குச் சரியான திட்டு விழுந்தது, நான்தான் எழுதியவன் என்பதுபோல. அம்பெய்து அதைக் கொல்பவன் பார்ட் என்கிற ஏரியூர்க்காரன். 14ஆவது அத்தியாயத்தில்தான் அவன் பெயரே வருகிறது. அதே அத்தியாயத்தில் டிராகனைக் கொன்றும் விடுகிறான். "இவ்ளோ தூரம் வந்தது பில்போ. கொல்றது யாரோவா? பன்னெண்டாவது ஆளு வந்து சிக்ஸ் அடிச்ச மாதிரி இருக்கு. பன்னெண்டாவது ஆளு பேட்டிங்கே பண்ணக் கூடாது சார்." இந்தக் குறையை உலகம் முழுக்கப் பெரிய வாசகர்களும் சொல்கிறார்கள், ஆனால் கிரிக்கெட் விதியோடு சொன்னவன் இவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டிராகன் நெஞ்சுல ஓட்டை இருக்குன்னு பார்த்தது யாரு? பில்போதானே? அதைக் குருவி கேட்டுப் போய்ச் சொல்லித்தானே அவன் அடிச்சான்?" இருவரும் படியிறங்கும்வரை பேசிக்கொண்டே போனார்கள். கடைசிப் பெரும் போரில் பில்போ தலையில் கல்பட்டு மயங்கிவிடுவதால் போரின் பாதி நமக்குத் தெரியாமல் போகிறதே, அதற்கும் திட்டுத்தான். அதில் எனக்கும் சம்மதம்.

13 குள்ளர்கள் ரொம்ப அதிகம், நாலு பேர் போதும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வட ஐரோப்பாவின் பழைய செய்யுள் ஒன்றில் இருக்கும் பெயர் வரிசையிலிருந்துதான் ஆசிரியர் இந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றை எடுத்தார் என்று விளக்கினேன். "சரி சார், அதுக்காக எல்லாரையும் கூட்டிட்டு வரணுமா?" என்றார்கள். பதில் இல்லை.

பத்தாவது வாரம்போல, அதிகம் பேசாத ஒரு பெண் கேட்டாள்: "தாத்தா, இதுல பொண்ணுங்களே வரலையே?" யோசித்துப் பார்த்தேன். பில்போவின் செத்துப்போன அம்மாவின் பெயர் தொடக்கத்தில் வருகிறது. அப்புறம் வசனம் பேசும் பெண் ஒருத்திகூட இல்லை. பல வருடத்துக்கு முன் படித்தபோது எனக்கு இது உறைக்கவே இல்லை. அவளுக்குப் பத்து வாரத்தில் உறைத்தது. புத்தகத்தைப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "பிடிச்சிருக்கு. ஆனா வரலை" என்றாள். எனக்குத் தெரிந்த பெரிய விமர்சகர்களில் பலருக்கு இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வராது.

பெரிய சண்டை நடந்தது ஆர்க்கன் கல் விஷயத்தில். டிராகன் செத்த பிறகு குள்ளர்களின் தலைவன் தோரின் தங்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஊரை இழந்து நிற்பவர்களுக்கு ஒரு காசுகூடத் தர மாட்டேன் என்கிறான். வெளியே படை நிற்கிறது. தோரின் உயிராக மதிக்கும் ரத்தினம் ஆர்க்கன் கல். அதை யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்திருந்த பில்போ, இரவில் இறங்கிப் போய் எதிர்த் தரப்பிடம் கொடுத்துவிடுகிறான், பேரம் பேசிச் சமாதானமாகட்டும் என்று. கொடுத்துவிட்டு ஓடிவிடவில்லை, திட்டு வாங்கத் திரும்பியும் வருகிறான். இது துரோகமா?

ஒன்றரை மணி நேரம் போனது. "கூட இருந்தே குழி பறிச்சுட்டான்" என்று ஒரு கட்சி. "சண்டை வந்தா எல்லாரும் செத்துருவாங்க, அதனாலதான்" என்று ஒரு கட்சி. "அவன்தான் கம்பெனியில சேரும்போதே பதினாலுல ஒரு பங்குன்னு பேசிட்டுத்தானே வந்தான்? தன் பங்கைத்தான் எடுத்தான்" என்று கணக்குப் பேசிய ஒருத்தி. அதற்கு, "பங்கு பிரிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தா அதுக்குப் பேரு பங்கு இல்ல" என்று பதில். சொன்ன பையனின் வீட்டில் அப்போது பாகப்பிரிவினைத் தகராறு நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. தோரின் சாகும் தறுவாயில் பில்போவிடம் சமாதானமாகும் இடத்தைப் படித்தபோது அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மேசையில், "இதுல என்ன சேதி இருக்கு" என்று கேட்ட பெரியவரே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். சேதியை முதுகில் ஒட்டிக்கொண்டு வரும் கதைகளையும் நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன். பொய் சொன்னவன் மாட்டிக்கொண்டான், மரம் வெட்டியவன் திருந்தினான். பசங்கள் மரியாதையாகக் கேட்பார்கள், "பொய் சொல்லக் கூடாது சார்" என்று ஒரே குரலில் முடித்துக்கொடுப்பார்கள், கீழே போய்விடுவார்கள். அந்தக் கதைகளுக்கு யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

மாயாஜாலம் என்றாலே சின்னப் பிள்ளை விஷயம் என்று பெரியவர்கள் ஒதுக்குவது இங்கே மட்டும் நடப்பதில்லை. டோல்கீனின் அடுத்த நாவலான 'மோதிரங்களின் தலைவன்' வந்தபோது, அமெரிக்காவின் பெரிய விமர்சகரான எட்மண்ட் வில்சன் 1956இல் அதைச் சிறுபிள்ளைக் குப்பை என்ற அர்த்தத்தில் எழுதி ஏறி மிதித்தார். 2003இல் பிபிசி பிரிட்டிஷ் வாசகர்களிடம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்த நாவல் எது என்று வாக்கெடுத்தபோது முதலிடம் அந்தக் குப்பைக்குத்தான், 'ஹாபிட்' 25ஆவது. வாக்கு ஜெயித்ததால் விமர்சகர் தோற்றார் என்று நான் சொல்லவில்லை. கூட்டம் சேர்ந்தால் எல்லாம் உயர்ந்தது என்றால் நம் ஊரில் எதையெல்லாம் உயர்ந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டிவரும்! ஆனால் 'சிறுபிள்ளைத்தனம்' என்பதை வசவாக வைத்திருக்கும் ஒருவர் சிறுபிள்ளைகளின் புத்தகத்துக்கு நடுவராக உட்காரலாமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

டோல்கீனே 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிப் பேசினார். பழசாகிப்போன, பெரியவர்களுக்கு வேண்டாத மேசை நாற்காலிகளைப் பிள்ளைகள் விளையாடும் அறையில் தள்ளுவதுபோலத்தான் மாயக் கதைகளையும் அங்கே தள்ளிவிட்டோம். பிள்ளைகள் கேட்டதால் அல்ல என்பது அவர் வாதம். நம் வீடுகளிலும் அதுதான் நடந்தது. வேதாளமும் பறக்கும் குதிரையும் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கதைகள். எப்போது அவற்றை உள்ளறைக்குத் தள்ளினோம் என்று யாருக்கும் நினைவில்லை.

அவரிடம் எனக்குப் பிடித்தது அவர் பிள்ளைகளின் குறைகளைக் காதில் வாங்கிய விதம். 'ஹாபிட்'டில் கதைசொல்லி அடிக்கடி குனிந்து, பிள்ளைகளிடம் கொஞ்சிப் பேசுவதுபோல் பேசுவார். அது தனக்கே வருத்தம் தருகிறது, புத்திசாலிப் பிள்ளைகளுக்கும் அது பிடிப்பதில்லை என்று 1955இல் கவிஞர் ஆடனுக்கு ஒரு கடிதத்தில் ஒத்துக்கொண்டார். அதற்கும் முன்னால், 1938இல் அடுத்த நாவலின் முதல் அத்தியாயத்தை எழுதியதும் அபிப்பிராயம் கேட்டு அனுப்பியது யாருக்குத் தெரியுமா? அதே ரேனருக்கு. அப்போது அவனுக்கு 12 வயது. அதற்கு அடுத்த அத்தியாயங்களைப் படித்துவிட்டு, ஹாபிட்டுகளின் வெட்டிப் பேச்சு அதிகம் என்றான் பையன். தனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும், இருந்தாலும் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று பேராசிரியர் பதில் எழுதினார். 12 வயதுக்காரன் சொல்லித் தன் பத்தியை வெட்டிய எழுத்தாளர்கள் நம்மிடம் இருந்தால் அவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

சரி, ரேனர் சாதாரணப் பையன் இல்லை, முதலாளி மகன். அதை மறைக்கவில்லை. பின்னாளில் அவரே பதிப்பகத்துக்கு வந்தார். 'மோதிரங்களின் தலைவ'னை அச்சிட்டால் 1,000 பவுண்டு நஷ்டம் வரலாம் என்று அப்பாவுக்கு எழுதிக் கேட்டார். அது மேதைமை உள்ள படைப்பு என்று நீ நம்பினால் 1,000 பவுண்டை இழக்கலாம் என்று அப்பா பதில் எழுதினார். ஒரு ஷில்லிங்கில் தொடங்கிய நம்பிக்கை அது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உங்கள் இறுதிப் பட்டியல் தயாரானதும், கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பு, அந்தப் புத்தகங்களைப் பத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பத்தும் உங்கள் பேரப்பிள்ளைகளாக இருக்க வேண்டாம். அரசுப் பள்ளி, கிராமம், புத்தகம் வாங்க முடியாத வீடு, எல்லாம் கலந்து இருக்கட்டும். ஆளுக்கு ஒரு தாளில் அபிப்பிராயம் எழுதச் சொல்லுங்கள். பிழை திருத்தாதீர்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். அப்படி வந்த தாள்களை நான் பார்த்திருக்கிறேன், பத்தும் "இந்நூல் மாணவர்களுக்கு மிகவும் பயனுள்ளது" என்று முடியும். அந்தத் தாள்களை உரக்கப் படித்துவிட்டு அப்புறம் உங்கள் விவாதத்தைத் தொடங்குங்கள். முடிவு உங்களுடையதே. கூலி கொடுக்க மறக்காதீர்கள். ஓசியில் கேட்ட அபிப்பிராயத்துக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும்.

பிரிட்டனில் 1985 முதல் 2007 வரை ஸ்மார்ட்டீஸ் பரிசு என்று ஒன்று இருந்தது. பெரியவர்கள் இறுதிப் பட்டியல் போடுவார்கள். தங்கம் எது, வெள்ளி எது என்று பள்ளிப் பிள்ளைகள் வாக்களிப்பார்கள். 1997இல் 9 முதல் 11 வயதுப் பிரிவில் அவர்கள் தங்கம் கொடுத்தது, சில மாதம் முன்பு கெட்டி அட்டையில் வெறும் 500 பிரதி அச்சான ஒரு முதல் நாவலுக்கு. ஹாரி பாட்டர் என்ற பெயரை அதுவரை அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இதில் ஆபத்தும் உண்டு. பத்துப் பேரில் குரல் பெரிதான ஒருவன் இருந்தால் மற்ற ஒன்பது பேரும் அவன் பக்கம் சாய்வார்கள். சினிமா வந்த கதை என்றால் படிக்காமலே பிடித்துவிடும். அதனால்தான் வாக்கைவிடத் தாள் மேல் என்கிறேன். தனியாக உட்கார்ந்து எழுதும்போது பிள்ளை வேறு ஆளாகிவிடுகிறது.

எங்கள் 26 பேரிடமும் கடைசி வாரம் தாள் வாங்கினேன். பெரும்பாலும் நாலைந்து வரி. ஒன்றில், 13 குள்ளர்களில் ஒருவனான பொம்பரைப் பற்றி இப்படி இருந்தது: "பொம்பர் குண்டா இருக்கறதால எப்பப் பாத்தாலும் அவன வச்சுச் சிரிக்கறாங்க. சிரிப்பு வந்துச்சு. ஆனா எனக்குப் பிடிக்கல. கதை சூப்பர்." பெயர் எழுதவில்லை. கையெழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்தது. அந்த இடங்களைக் குரலை மாற்றி மாற்றிப் படித்து எல்லோரையும் சிரிக்க வைத்தது நான். அந்தத் தாளை மட்டும் மேசை இழுப்பறையில் போடாமல் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

தாள்கள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் நகல் எடுத்து அனுப்புகிறேன், தபால் செலவு என்னுடையது.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை புதுக் கதை தொடங்குகிறோம். அன்று இடது பக்கக் குவியலுக்குப் போனதே, அந்த நாவல்தான். தேடிப் பிடித்து வாங்கிவிட்டேன். காலை பத்தரை மணி. மாடியில் நாற்காலி கிடையாது, பாய்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழேயிருந்து ஒரு ஸ்டூல் எடுத்துவரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கிளை நூலகத்து மாடியில் கதை வாசிக்கும் ஒருவன்